உத்தரகாசி நிலநடுக்கமும் மலைநாட்டு வீடுகளும்

மலைக்கு 'அசலம்' என்றொரு பெயர் உண்டு. அசையாதது என்பது அதன் பொருள். அருணாசலம், வேங்கடாசலம், விருத்தாசலம் என்று ஊர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டி மகிழ்ந்த மரபினர் நாம். ஆயினும், மலைகளுக்கெல்லாம் அரசாகிய இமயம் அசைவற்று நிற்பதன்று. இந்திய நிலப்பகுதி ஆண்டுக்குச் சுமார் 4 அல்லது 5 சென்டிமீட்டர் அளவில் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசிய நிலப்பகுதியை நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் உயர்ந்ததே இமயம். பாறைகளில் நெடுங்காலம் சேர்ந்த இறுக்கம், ஒரு நாள் தாங்க மாட்டாமல் நிலப்பிளவின் வழியே விடுபடுகிறது. அப்போது பூமி நடுங்குகிறது.

உத்தரகாசி என்னும் பெயர் வடநாட்டில் வாழும் நமக்குப் புதியதன்று. கங்கோத்திரியில் நீர் முகந்து இராமேசுவரத்திற்குக் கொண்டு செல்லும் விரதம் பூண்டோர், பாகீரதிக் கரையிலுள்ள அவ்வூரைக் கடந்தே செல்வர். பாராஹாட் என்பது அதன் பழம்பெயர். 1803-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கார்வால் நாட்டைப் பெரியதொரு நடுக்கம் உலுக்கியது. அதனால் நொந்து கிடந்த நாட்டைக் கூர்க்கர் கைக்கொண்டனர். 1804-இல் டேராடூனை அடுத்த குர்புராவில் மன்னர் பிரத்யும்ன ஷா போர்க்களத்தில் மாண்டார். 1808-இல் கங்கையின் பிறப்பிடம் தேடிச் சென்ற ஆங்கிலேயர் குழுவில் ஒருவரான ராப்பர், பாராஹாட்டில் அந்நடுக்கம் விளைத்த அழிவைக் கண்டு எழுதி வைத்துள்ளார்.

மீண்டும் அந்த மலைகள் அதிர்ந்தது 1991-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள். அப்பகுதி அந்நாளில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்தது. நேரம் பின்னிரவு 2 மணி 53 நிமிடம். குளிர் தொடங்கிவிட்டமையால் மக்கள் கதவடைத்து உள்ளே உறங்கிக் கொண்டிருந்தனர். நடுக்கத்தின் அளவு 6.8. 1905-இல் காங்கடாப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 20,000 உயிர்களைக் கொண்ட நடுக்கத்தின் அளவு 7.8 எனக் கணிக்கப்பட்டுள்ளது. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்காகும். அவ்வாறு நோக்கின் உத்தரகாசி நடுக்கம் நடுத்தரமானதே. எனினும் 700-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரம் வீடுகள் சிதைந்தன. மனேரிக்கு அருகிலுள்ள ஜாமக் போன்ற சிற்றூர்கள் கற்குவியல்களாயின. கங்கோத்திரிச் சாலையிலிருந்த கவானாப் பாலம் ஆற்றில் வீழ்ந்தமையால் மேற்புறத்து ஊர்களுக்கு உதவி செல்லும் வழியும் அற்றது.

நடுத்தரமான நடுக்கம் இத்துணை உயிர்களைக் கொண்டது ஏன்? நிலம் பிளந்து மக்களை விழுங்கவில்லை. அவர்தம் வீடுகளே அவர்கள்மேல் வீழ்ந்தன. செதுக்காத கற்களை உட்புறம் ஒரு வரிசையும் வெளிப்புறம் ஒரு வரிசையுமாக அடுக்கி, நடுவே சில்லுக்கற்களை நிரப்பி, சேற்றுச் சாந்தால் பூசிய பருஞ்சுவர்கள் அவை. அவற்றின்மேல் பலகைக் கற்கள் வேய்ந்த கனத்த கூரை அமர்ந்திருந்தது. சில வீடுகளிலோ, அதே சுவரின்மேல் புதுமோகத்தால் கான்கிரீட் தளம் ஏற்றப்பட்டிருந்தது. நிலம் பக்கவாட்டில் ஆடியபோது இருவரிசைக் கற்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின; சுவர் வயிறு தள்ளிச் சரிந்தது; கூரை இறங்கியது.

அம்மலைநாட்டார் கட்டடக் கலை அறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. அதே உத்தரகாசி மாவட்டத்தில், யமுனைப் பள்ளத்தாக்கைச் சார்ந்த கோட்டி பனால் முதலிய ஊர்களில், மூன்று நான்கு அடுக்குகள் கொண்ட பழைய வீடுகள் நிற்கின்றன. உயர்ந்த கல்மேடையின்மீது தேவதாரு உத்திரங்களைச் சுவரின் நான்கு புறமும் கிடத்தி, மூலைகளில் ஒன்றோடொன்று கோத்து, இடையிடையே கல் வரிசைகளை அடுக்கி எழுப்பியவை அவை. வாயில்கள் சிறியன, சாளரங்கள் சில. நிலம் ஆடுங்கால் மரக்கட்டு சுவரைப் பிரியவிடாது. வீடு முழுவதும் ஒரு பேழைபோல் ஒருங்கே ஆடி நிலைக்கும். 1803-ஐக் கண்ட அம்முறை 1991-ஐயும் கண்டு பிழைத்தது.

பின் ஏன் அம்முறை கைவிடப்பட்டது? காடு மக்களின் கையைவிட்டுப் போயிற்று. டெஹ்ரி சமஸ்தானம் வன எல்லைகளை இறுக்கியபோது, அவ்வீடுகளுக்குப் பேர்போன ரவாயீன் பகுதி மக்கள் தம் வன உரிமைக்காகத் திரண்டனர். 1930 மே 30-ஆம் நாள் திலாரியில் சமஸ்தானத்துப் படை அவர்களைச் சுட்டது. தேவதாரு கிட்டாத பொருளாகவும் விலையுயர்ந்த பொருளாகவும் ஆனபின், கல் மட்டும் எஞ்சியது; கல்லைப் பிணித்த மரக்கட்டு மறைந்தது. வறுமையும் வனச் சட்டமும் சேர்ந்து ஒரு நல்லறிவை நலியச் செய்தன எனலாம்.

இரண்டே ஆண்டுகளில், 1993 செப்டம்பர் 30 அன்று, மகாராட்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவுள்ள நடுக்கம் ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்றது. அங்கும் வைகறைக்கு முன்பே. அங்கும் சேற்றில் அடுக்கிய கற்சுவர்களே. அதே ஆண்டில் இந்தியத் தர நிறுவனம் இத்தகைய எளிய வீடுகளுக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது. சுவரின் இருமுகத்தையும் தொடும் நீண்ட கற்களை இடையிடையே வைத்தல், வாயில் நிலைகளுக்கு மேலாகச் சுவர் முழுவதையும் சுற்றிவரும் பட்டை அமைத்தல், மூலைகளை இறுகப் பிணித்தல் ஆகியவை அவற்றுள் தலையாயவை. தேவதாரு உத்திரம் செய்த பணியையே இன்று கம்பியிட்ட கான்கிரீட் பட்டை செய்கிறது.

இச்செய்தி மலைவாசிகளுக்கு மட்டும் உரியதென்று நாம் இருந்துவிடலாமா? 2001 சனவரி 26 அன்று கச்சுப் பகுதி நடுங்கியபோது, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடி வீடுகள் பல சரிந்தன. கீழ்த்தளத்தில் சுவரின்றி, வண்டி நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுக் கட்டியவை அவற்றுள் பல. நம் காலனிகளிலும் அத்தகைய வீடுகள் உண்டு. பொறியாளரைக் கேளாமல் மேல்மாடி எழுப்புவோரும், இடம் போதவில்லையென்று சுவரை இடிப்போரும் உண்டு.

வீடு வாங்குங்கால் வாசல் எத்திசை நோக்கியது என்று தவறாமல் கேட்கிறோம். தூணின் வலிமை என்ன, அதைக் கணக்கிட்டவர் யார் என்றும் கேட்போமாக. பூமி எந்நாள் நடுங்கும் என்று முன்னறிந்து சொல்ல இன்றளவும் எவராலும் இயலவில்லை. வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதோ கோட்டி பனால் தச்சர்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து கட்டிக் காட்டியது. அவர்கள் அறிந்ததை நாமும் கைக்கொள்வது, நம் பிள்ளைகள் அச்சமின்றி உறங்குவதற்கு நாம் செய்யும் கடமையாகும்.