கப்பல் வாங்கின கதை தெரியும், வித்த கதை?

இந்த எபிசோடை குற்றாலத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். சீசன் நேரத்துல ஐந்தருவி போற வழியில, வெண்ணமடைக்குளம் படகு குழாமுக்குப் போயிருந்தேன். பெடல் போட்தான். எஞ்சின் கிடையாது, அதனால சூடாகுமேன்னு யாரும் கவலைப்பட வேண்டாம். கரையில உட்கார்ந்து பார்க்கும்போது தூத்துக்குடி ஞாபகம் வந்தது.

வ.உ.சி. கப்பல் ஓட்டினார்னு பள்ளிக்கூடத்துலேயே படிச்சிருப்போம். அந்தக் கப்பல் கடைசியில என்ன ஆச்சு?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பல். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன. வழித்தடம் தூத்துக்குடி - கொழும்பு. போட்டிக்கு இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்றும் சொல்வார்கள்.

கட்டணப் போட்டி நமக்குத் தெரிஞ்ச கதை. எஞ்சின் அறையில நடக்கிறதைப் பெரிசா யாரும் பேசறதில்லை. நீராவிக் கப்பலோட கொதிகலனுக்கு நல்ல தண்ணீர் வேணும். சுத்தி இருக்கிறதோ உப்புத் தண்ணீர். அதுக்குத்தான் கண்டென்சர். எஞ்சினை ஓட்டி முடிச்ச நீராவி உள்ளே வரும். பம்ப் மூலமா கடல்நீர் மெல்லிய பித்தளைக் குழாய்களுக்குள்ளே ஓடி அதைக் குளிர வைக்கும். நீராவி மறுபடியும் தண்ணீராகி கொதிகலனுக்கே திரும்பும். ஒரு குழாய் ஓட்டையானா உப்பு கொதிகலனுக்குள்ள போய்ப் படியும், உலோகம் சூடேறிக் கெடும். பாசியும் சிப்பியும் அடைச்சாலும் எஞ்சினோட பலம் குறையும். கப்பல் சும்மா நின்னாலும், தேங்கின உப்புநீர் குழாயை அரிச்சுக்கிட்டே இருக்கும்.

அதாவது டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் கரி, ஆள், பராமரிப்பு என்று செலவு நிற்காது. எதிராளியிடம் நிறையக் கப்பல்களும் வழித்தடங்களும் இருந்தன. ஒன்றில் வரும் நஷ்டத்தை இன்னொன்றில் ஈடுகட்டலாம். சுதேசிக் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை.

இந்த நிலையில், 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். ஜூலையில் 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் பங்குதாரர்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருந்த மனிதர் சிறையில். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்களும் விலைபோயின.

அதே 1911, ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். வாஞ்சி செங்கோட்டைக்காரர், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்து ஊர், இன்றைய தென்காசி மாவட்டம். கப்பல் கம்பெனியை நசுக்கியவர் ஆஷ் என்று எங்க பக்கம் இன்னமும் சொல்வார்கள். ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் பேசியது ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டைப் பற்றி.

செங்கோட்டையில் வாஞ்சிக்குச் சிலை இருக்கு. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி. பேர் இருக்கு. அந்த எஞ்சின் அறையில வெந்துகிட்டே குழாய் சுத்தம் பண்ணினவங்க பேர் எனக்குக் கிடைக்கலை. 25 ரூபாய் போட்டு பங்கு வாங்கினவங்களோட அவங்களையும் சேர்த்து நினைக்கணும்னு தோணுது. கப்பலை வாங்கினது ஊர்ப் பணம். அது ஓடினது இவங்களால.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.