மறைக்கப்பட்ட வல்லமை: அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகத்திற் பெண் (1964–1972)

வெகுசன நாடகங்களை ஆராயப் புகுவோர் பலர், அவை பெண்ணை வலிமையற்றவளாகக் காட்டுகின்றன என்று கூறி அமைவர். இக்கூற்று முழுமையானதன்று. பெண்ணின் வலிமையை ஒப்புக்கொண்டே, அதனை அவள் மறைத்தொழுக வேண்டுமென வற்புறுத்தும் நாடகங்களும் உள. அவை எத்தகைய சமூகத் தேவையிலிருந்து பிறந்தன என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

1964 செப்ரெம்பரில் அமெரிக்காவின் ஏ.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கி, 1972 வரை 254 பகுதிகளாகத் தொடர்ந்த 'பிவிச்ட்' இதற்குத் தக்க சான்றாகும். சூனியக்காரியான சமந்தா, விளம்பர நிறுவனமொன்றிற் பணிபுரியும் டரினை மணக்கிறாள். மூக்கை அசைத்தே எதனையும் ஆக்கவல்ல தன் ஆற்றலை மணநாளிரவில் அவனுக்கு வெளிப்படுத்துகிறாள். அதனை இனிப் பயன்படுத்தலாகாது என அவன் கேட்க, அவளும் உடன்படுகிறாள். எனினும், அவன் தொழிலுக்கு இடர் நேரும்போது அதனைக் காப்பது பெரும்பாலும் அவ்வாற்றலே. காத்தபின், வாடிக்கையாளரைக் கவர்ந்த யோசனை கணவனுடையதே எனத் தோன்றச் செய்வதும் அவள் கடனாகிறது.

இக்கதையமைப்பின் வரலாற்றுப் பின்னணி மனங்கொள்ளத்தக்கது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் பெண்களை அழைத்தன. 1945 இன் பின், போரிலிருந்து மீண்ட ஆடவருக்கு இடமளிக்கும் பொருட்டுப் பெருந்தொகையான பெண்கள் விலக்கப்பட்டனர். இல்லறமே பெண்ணின் நிறைவு எனப் போற்றப்பட்டது. ஆயினும் விரிவடைந்த முதலாளித்துவத்துக்குப் பெண்ணின் கூலியுழைப்பு மீண்டும் தேவைப்பட்டது. வேலைசெய்யும் வயதுப் பெண்களுள் ஊழியப்படையில் இருந்தோர் 1950 இல் ஏறத்தாழ 34 வீதம். 1970 இல் 43 வீதம். 1963 இல் பெற்றி பிறீடனின் 'பெண்மை மயக்கம்' பற்றிய நூல் வெளிவந்தது. 1964 யூலையில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் வேலைவாய்ப்பிற் பாற்பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன்பின் மூன்று மாதங்கள் கழியுமுன்னரே சமந்தா திரையில் தோன்றினாள்.

எனவே, பெண்ணின் ஆற்றலை மறுப்பது அன்று இயலாததாயிற்று. மறுக்கவியலாத அவ்வாற்றலைக் கூலியற்ற, பெயரற்ற குடும்பப் பணியாக ஆக்கிக்கொள்வதே கருத்துநிலையின் தேவையாயிற்று. வாக்களித்தல், மீறுதல், மீண்டும் வாக்களித்தல் என்னும் கதைச்சுழற்சி, தீர்வு காணப்படாத முரண்பாட்டின் வடிவமே. டரின் பொருள்களை விற்க விளம்பரம் எழுதுகிறான். அந்நாடகத்தின் தொடக்ககாலச் செலவையோ செவ்ரோலே, குவேக்கர் ஆகிய விளம்பரதாரர் ஏற்றனர். குடும்பத் தலைவனின் மதிப்பும், வீட்டுக்குப் பொருள் வாங்கும் பெண்ணின் மனநிறைவும் அவர்களுக்கு ஒருங்கே வேண்டியிருந்தன.

1965 இல் தொடங்கிய 'ஐ ட்ரீம் ஒவ் ஜீனி' இன்னும் வெளிப்படையானது. அதிற் பேராற்றல் படைத்த பூதப்பெண், விண்வெளி வீரனொருவனை 'எசமான்' என அழைத்துப் புட்டியில் வாழ்கிறாள். சோவியத் ஒன்றியத்தின் வலென்ரினா தெரெஸ்கோவா 1963 இலேயே விண்வெளி சென்றிருந்தார். அமெரிக்கப் பெண்ணொருவர் செல்ல 1983 வரை காத்திருக்க நேர்ந்தது.

எனினும் இந்நாடகங்களை வெறும் நச்சுச் சரக்கென ஒதுக்குதல் தகாது. சமந்தாவின் தாய் எண்டோரா, மகள் அடக்கிவாழ்வதை இடையறாது எள்ளுகிறாள். ஆணாதிக்கத்துக்கெதிரான விமர்சனம் நகைப்புக்குரிய மாமியாரின் வாயில் வைக்கப்பட்டுக் கூர்மை மழுக்கப்பட்டது உண்மையே. ஆனால் அவ்விமர்சனத்தைச் சொல்லாமல் விடவும் நாடகத்தால் இயலவில்லை. எண்டோராவோடு சேர்ந்து நகைத்த பெண்கள் எதனை எண்ணி நகைத்தனர் என்பதையும் முற்போக்கு விமர்சனம் ஆராய்தல் வேண்டும்.