எண்ணமும் குருதியும்

மனிதன் சிந்திக்கும்பொழுது அவன் மூளையில் நிகழ்வது யாது? மண்டை ஓட்டைத் திறவாமல் அதனைக் காண இயலுமா? இவ்வினாவிற்கு வழி வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஸெய்ஜி ஒகாவா என்னும் ஜப்பானிய விஞ்ஞானி. அவருடைய ஆராய்ச்சி வாழ்வை நாம் சிறிது நோக்குவோம்.

1934-ஆம் ஆண்டு டோக்கியோவில் பிறந்த ஒகாவா மருத்துவம் பயின்றவர் அல்லர். டோக்கியோ பல்கலைக் கழகத்தில் பௌதிகம் கற்று 1957-இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 1967-இல் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு, தொலைபேசித் தொழிலைச் சார்ந்த பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். 2001 வரை அங்கேயே பணியாற்றி, தாயகம் திரும்பிய பின்னரும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

முன்னோர் கண்ட இரண்டு உண்மைகள் அவருக்குத் துணை நின்றன. மூளையில் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்குக் குருதி மிகுதியாகப் பாயும் என்று 1890-இல் இங்கிலாந்தில் ராயும் ஷெரிங்டனும் உரைத்தனர். பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்க்கும். பிராணவாயுவை ஏந்தியதை ஈர்க்காது என்று 1936-இல் அமெரிக்காவில் பாலிங்கும் கோரியலும் கண்டனர். இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனியே கிடந்தன.

ஒகாவாவின் குழுவினர் வலிமை மிக்க காந்தக் கருவியில் எலிகளின் மூளையைப் படமெடுத்தனர். குருதிக் குழாய்கள் கரிய கோடுகளாகத் தோன்றின. எலிகளைத் தூய பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்தபொழுது அக்கோடுகள் மங்கின. குருதியே தன் நிலையைக் காட்டிக் கொடுக்கிறது என்பதை ஒகாவா உணர்ந்தார். 1990-இல் இதனை வெளியிட்டார். 1992-இல் அவரும் மின்னஸோட்டா பல்கலைக் கழகத்தாரும் கூடி, மனித மூளை தொழிற்படுவதை இம்முறையில் படமெடுத்தனர். அதே ஆண்டில் வேறு இரு குழுவினரும் தனித்தனியே இதனைச் செய்து காட்டினர்.

முன்பு இத்தகைய படத்திற்குக் கதிரியக்கப் பொருளை உடலுட் செலுத்த வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ. கருவியால் எடுக்கப்படும் இப்படத்திற்கு அது வேண்டுவதில்லை. மூளையிலுள்ள கட்டியை அகற்றுமுன், நோயாளியின் பேச்சிற்குரிய பகுதி எதுவென அறிந்து அதனைக் காக்க இது மருத்துவருக்கு உதவுகிறது.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இப்படத்தில் காண்பது எண்ணம் அன்று. மூளை தொழிற்பட்டுச் சில விநாடிகள் கழித்து மிகுந்து வரும் குருதியே. அடிச்சுவட்டைக் கண்டு நடந்தவன் சென்ற திசையைக் கூறலாம். அவன் நெஞ்சத்தைக் கூறவியலாது. படத்தைக் காட்டி ஒருவனைப் பொய்யன் என்றோ குற்றவாளி என்றோ தீர்ப்பளிக்க விரைவோர், ஒகாவா கண்டது குருதியின் மாற்றத்தையே என்பதை நினைவிற் கொள்வார்களாக.