முதிரைச் செப்பு

மலர் பேணும் மூடிச் செப்பு தமிழர் தொன்றுதொட்டு அறிந்த பொருள். குறுந்தொகையிலே அஃது உவமையாக வருகின்றது. ஈழத்து அரக்குக் கடைசல் வேலையை ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிற் பதிவுசெய்தார். பட்டறையிற் சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வு வெப்பத்தால் அரக்கு உருகி நிறம் பற்றும்.

செப்பின் சிறப்பு மூடியின் பொருத்தமே. பச்சைமரம் எத்திசையும் ஒருபடித்தாய்ச் சுருங்காது. ஆதலின் உலருங்கால் வட்டவாய் கோணும். பல்லாண்டு உலர்ந்த முதிரைக் கதவுநிலையோ அங்ஙனம் எளிதிற் கோணாது.

புத்தளக் கரையில் எலுவன்குளத்தை அடுத்துள்ள வில்பத்துக் காட்டிலே பாலையும் முதிரையும் வளர்கின்றன. 1938இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கே கோடரிக்கு இடமில்லை. ஆயினும் பழைய வீடு இடிபடும்போது அதே சாதி மரம் விறகாகின்றது. அடுப்புக்குச் செல்லுமுன் ஒரு முழத் துண்டேனும் கடைசற்காரர் கைக்குச் சேருமாயின், காடும் பிழைக்கும், கலையும் பிழைக்கும்.