ஜானுக்கு ஒரு ரூம்

பையனுக்கு மீசை அரும்பியதும் வீட்டில் வெடிக்கிற முதல் பிரச்னை, ரூம். என்ன பெயின்ட், எந்தக் கலரில் திரை என்று அப்பாவும் அம்மாவும் திட்டம் போட்டுக்கொண்டு இருப்பார்கள். அவனோ செலோடேப்போடு சுவர் ஏறிக்கொண்டு இருப்பான். இந்தச் சண்டையின் உலகப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று இங்கிலாந்தில், லிவர்பூலில் இருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் பார்க்கலாம்.

251, மென்லவ் அவென்யூ. வீட்டின் பெயர் 'மெண்டிப்ஸ்'. ஜான் லெனன் வளர்ந்த வீடு. ஆமாம், பீட்டில்ஸ் லெனன்தான். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று குடும்பம் சிதறிவிட, ஐந்து வயதில் பெரியம்மா மிமியிடம் வந்து சேர்ந்தார். 1963 வரை, அதாவது 22 வயது வரை இதுதான் அவர் வீடு.

அவருக்குக் கிடைத்தது, வாசலுக்கு நேர் மேலே இருக்கிற குட்டி ரூம். 'பாக்ஸ் ரூம்' என்பார்கள். பெட்டி, படுக்கை போட்டு வைக்கிற இடம். ஒற்றைக் கட்டில் போட்டால் நடக்க மட்டும்தான் மிச்சம். பெரிய ரூம்களை ஏன் தரவில்லை? மிமி காலேஜ் மாணவர்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டார். 1955-ல் பெரியப்பா ஜார்ஜ் திடீரென்று இறந்துபோன பிறகு அந்த வாடகை இன்னும் அவசியமாகிவிட்டது. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கு சரிதான். சொந்தப் பிள்ளையா வாடகை தரப் போகிறான்?

சுவர் மட்டும் ஜானுடையது. எல்விஸ் படம், பிரெஞ்சு நடிகை பிரிஜித் பார்தோ படம். 1950-களின் பையன்களுக்கு அதுதான் உள்அலங்காரம். கட்டில் பெரியம்மாவின் ராஜ்ஜியம். அதன் மேல் என்ன விரித்திருந்தது தெரியுமா? பிங்க் கலர் விரிப்பு! எல்விஸ் மாதிரி தலை சீவிக்கொண்டு ஊரை மிரட்டித் திரிந்தவர், ராத்திரி வந்து படுத்தது அதில்தான். அவரே 1980-ல் ஒரு பேட்டியில் ஞாபகப்படுத்திச் சொன்னார். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டை அந்த ரூமில்தான் எழுதினாராம். பீட்டில்ஸை இங்கிலாந்து முழுக்கப் பேசவைத்த 1963-ன் பாட்டு அது.

எழுதலாம், கிடார் வாசிப்பது மட்டும் மிமிக்கு ஆகாது. கண்ணாடி போட்ட வாசல் தாழ்வாரத்துக்குத் துரத்திவிடுவார். அங்கே எதிரொலி அருமையாக இருக்கும் என்று நண்பர் பால் மெக்கார்ட்னிக்கு சந்தோஷம்.

அந்தப் பாலின் வீடும் அதே ஊரில் இருக்கிறது, 20 ஃபோர்த்லின் ரோடு. நகரசபை கட்டிய வாடகை வீடு. குடிவந்த மறு வருஷமே, 1956-ல், அம்மா மேரி புற்றுநோயில் போய்விட்டார். அப்பா ஜிம், இரண்டு பையன்கள். முன் ஹாலில் சுவருக்கு ஒரு டிசைன். மீந்துபோன வால்பேப்பரை மலிவாக வாங்கி ஒட்டியது! ஆனால், ஜிம் ஒரு காரியம் செய்தார். கீழே இருந்த ரேடியோவில் இருந்து மாடிக்கு ஒயர் இழுத்து, பையன்களின் கட்டிலுக்கு ஹெட்போன் கொடுத்தார். ராத்திரி படுத்தபடியே ரேடியோ லக்ஸம்பர்க்கில் ராக் அண்ட் ரோல் கேட்கலாம். பையன் ரூமுக்கு ஓர் அப்பா செய்த மிகச் சிறந்த அலங்காரம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஜானுக்கு அப்படி ஓர் அப்பா இல்லை. அம்மா ஜூலியா பக்கத்தில்தான் வேறு குடும்பத்தோடு இருந்தார். பாஞ்சோ வாசிப்பார், மகனுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1958 ஜூலை 15. அக்காவைப் பார்க்க வந்த ஜூலியா, ராத்திரி பஸ் பிடிக்கக் கிளம்பினார். மென்லவ் அவென்யூவைக் கடக்கும்போது கார் மோதி, அங்கேயே முடிந்துபோனார். ஜானுக்கு 17 வயது. அவர் ரூமின் ஜன்னல் பார்ப்பது அதே ரோட்டைத்தான். நடுவில் ஹாம்பர்க், நண்பர்கள் ரூம் என்று சுற்றினாலும், இன்னும் ஐந்து வருஷம் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து படுத்தார்.

1965-ல் பெரியம்மாவுக்குத் தென் இங்கிலாந்தில் கடலோரமாக ஒரு பங்களா வாங்கிக் கொடுத்தார் ஜான். மெண்டிப்ஸ் கைமாறியது. 2002-ல் அதை யோகோ ஓனோ வாங்கி, நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார். அரண்மனைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் பராமரிக்கிற அமைப்பு! அந்தக் காலத்து மேஜை, நாற்காலி போட்டு 2003-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சுவரில் மறக்காமல் எல்விஸும் பார்தோவும். கட்டிலைச் சுற்றி இப்போதும் ஒரு சில பேர்தான் நிற்க முடியும்.