லூடம் டேர்: 48 மணி நேர விளையாட்டாக்கப் போட்டியின் வரலாறு

லூடம் டேர் என்பது, அறிவிக்கப்படும் ஒரு கருப்பொருளை வைத்து 48 மணி நேரத்திற்குள் ஒரு கணினி விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனியாளாக உருவாக்கும் இணையவழிப் போட்டி ஆகும். ஜெஃப் ஹவ்லண்ட் என்பவர் 2002 ஏப்ரலில் இதைத் தொடங்கினார். பெயர் இலத்தீன் மொழியிலிருந்து எடுக்கப்பட்டது; ‘விளையாட்டைத் தருதல்’ என்பது பொருள். இப்போட்டியில் பரிசுத்தொகை கிடையாது, தனி நடுவர்களும் கிடையாது. பங்கேற்றவர்களே ஒருவர் ஆக்கத்தை மற்றவர் விளையாடிப் பார்த்து மதிப்பெண் இடுகின்றனர். எஞ்சுவது, செய்து முடித்த விளையாட்டு மட்டுமே.

தொடக்கச் சூழல்

2002ஆம் ஆண்டில் தனியொருவர் விளையாட்டு செய்து பலரிடம் கொண்டு சேர்ப்பது கடினமாக இருந்தது. ஸ்டீம் விற்பனைத் தளம் 2003இல்தான் வந்தது. யூனிட்டி மென்பொருள் 2005இல் வெளியானது. ஆப்பிளின் செயலிக் கடை 2008இல் திறக்கப்பட்டது. கடைகளில் விற்ற விளையாட்டுகளைப் பெரும் நிறுவனங்கள் பல ஆண்டு உழைப்பில் உருவாக்கின. வீட்டில் நிரல் எழுதிப் பழகியவர்களிடம் பாதியில் நின்றுபோன திட்டங்களே அதிகம். பெரிய கற்பனையோடு ஆரம்பித்து, வரைபடம் வரைவதிலோ நிரலின் அடித்தளத்தை மாற்றி மாற்றி எழுதுவதிலோ ஊக்கம் தீர்ந்து கைவிடுவது அவர்களிடையே வழக்கமாகவே இருந்தது எனலாம்.

அதே ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் ஓக்லண்டில் கிறிஸ் ஹெக்கர், ஷான் பாரெட் முதலான நிரலர்கள் ஒரே கூரையின் கீழ் நான்கு நாள் கூடி, திரையில் ஓர் இலட்சம் உருவங்களை இயக்கும் ஒரே பொறியைப் பயன்படுத்திப் பல சோதனை விளையாட்டுகளைச் செய்தனர். ‘கேம் ஜாம்’ என்ற சொல் பரவியதில் இக்கூட்டத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே நேரில் கூடிய நிகழ்வு. அடுத்த மாதமே தொடங்கிய லூடம் டேரில் யாரும் யாரையும் நேரில் சந்திக்கத் தேவையில்லை. இணைய இணைப்பும் கணினியும் இருந்தால் போதும். தகுதி, அனுபவம், நாடு எதுவும் கேட்கப்படவில்லை.

முதல் போட்டிக்கு 24 மணி நேரமே தரப்பட்டது. ‘மறைமுகச் செயல்பாடு’ என்பது கருப்பொருள். அதாவது, ஆடுபவர் எதையும் நேரடியாக இயக்கக் கூடாது. 18 விளையாட்டுகள் வந்தன. அந்தப் போட்டிக்கு எண் பூச்சியம்; நிரலர்கள் பூச்சியத்திலிருந்து எண்ணும் வழக்கமுடையவர்கள் என்பதால் இதில் வியப்பில்லை. ஒரு நாள் போதாது என்று தெரிந்ததும், 2002 ஜூலையில் நடந்த அடுத்த போட்டி முதல் 48 மணி நேரம் என்ற அளவு நிலைபெற்றது. பின்னாளில் போட்டியை நடத்தும் பொறுப்பைக் கனடாவைச் சேர்ந்த மைக் காஸ்பிரசாக் ஏற்று நீண்டகாலம் கொண்டு சென்றார்.

பங்கேற்கும் முறை

கருப்பொருளை அமைப்பாளர் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. பங்கேற்பவர்கள் முன்மொழியும் சொற்கள் பல சுற்று வாக்கெடுப்புக்கு விடப்படும். இறுதிச் சுற்றில் வென்ற கருப்பொருள் போட்டி தொடங்கும் நொடியில் அறிவிக்கப்படும். பல காலமாக அந்நொடி வட அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை மாலையில் அமைந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது சனிக்கிழமை காலை, ஐரோப்பாவிலோ பின்னிரவு. ஐரோப்பியர் பலர் தூங்கி எழுந்த பிறகே கருப்பொருளைப் பார்ப்பார்கள் அல்லது அதற்காகவே விழித்திருப்பார்கள்.

விதிகள் கண்டிப்பானவை. நிரல், படம், இசை, ஒலி ஆகிய அனைத்தையும் அந்த 48 மணி நேரத்திற்குள் ஒருவரே உருவாக்க வேண்டும். முன்பே எழுதி வைத்த பொது நிரல் தொகுப்பைப் பயன்படுத்தலாம்.  முடிவில் விளையாட்டுடன் மூலநிரலையும் தர வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு இவ்விதி தந்த பயன் சிறிதன்று: தாம் விளையாடி வியந்த ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களால் உடனே திறந்து பார்க்க முடிந்தது.

முதல் முறை பங்கேற்பவர் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றே: அளவுக்கு மீறித் திட்டமிடுதல். பத்து நிலைகள், ஐந்து எதிரிகள், கதை என்று முதல் மணி நேரத்தில் எழுதி வைப்பார். இரண்டாம் நாள் காலையில் பாத்திரம் சுவரைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். அனுபவமுள்ளவர்கள் முதல் நாள் பகலுக்குள்ளேயே, அழகில்லாவிட்டாலும் ஆடக்கூடிய ஒரு வடிவத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். எஞ்சிய நேரம் அதைத் திருத்தவும், தேவையற்றதை வெட்டவும் செலவாகும். தலைப்புத் திரை, ஒலி, பிறர் கணினியில் ஓடுகிறதா என்ற சோதனை ஆகியவற்றுக்குக் கடைசி சில மணி நேரத்தை ஒதுக்காதவர் பலமுறை வருந்தியிருக்கின்றனர்.

ஒலியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நிரலர்களில் பலருக்கு இசையோ ஒலிப்பதிவோ தெரியாது. எனவே தொடக்ககால ஆக்கங்களில் பல ஊமையாகவே இருந்தன. 2007 டிசம்பரில் நடந்த 10ஆவது போட்டியையொட்டித் தாமஸ் பெட்டர்சன் என்பவர் எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற சிறு கருவியைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். ‘நாணயம் எடுத்தல்’, ‘குதித்தல்’, ‘வெடித்தல்’ போன்ற பொத்தான்களை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் புதிய ஒலி பிறக்கும். பிடித்ததைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். ஒரு வார இறுதிப் போட்டியாளர்களுக்கு உதவச் செய்த அக்கருவி, பிறரால் பல வடிவங்களில் திருத்தி எழுதப்பட்டு, உலகெங்கும் சிறு விளையாட்டுகளின் ஒலியாக மாறிவிட்டது. லூடம் டேர் தந்தவற்றுள், பரிசு வாங்கிய எந்த விளையாட்டையும்விட இக்கருவியே அதிகம் பயன்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

வளர்ச்சி

2011ஆம் ஆண்டில் போட்டியின் மேல் வெளியுலகின் பார்வை விழுந்தது. மைன்கிராஃப்டை உருவாக்கிய சுவீடன் நாட்டு நிரலர் மார்க்கஸ் பெர்சன், அதற்கு முன் 2008இலேயே ‘கோபுரம்’ என்ற கருப்பொருளுக்கு ஒரு விளையாட்டைச் செய்தவர். அப்போது அவரை அறிந்தோர் சிலரே. 2011 ஆகஸ்டில் ‘தப்பித்தல்’ என்ற கருப்பொருளுக்கும், டிசம்பரில் ‘தனிமை’ என்ற கருப்பொருளுக்கும் அவர் மீண்டும் வந்தபோது நிலைமை வேறு. டிசம்பரில் அவர் செய்த மினிகிராஃப்ட், மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அமைந்த சிறு ஆக்கம். விதிப்படி அதன் மூலநிரலும் வெளிவந்ததால், கற்றுக்கொள்பவர்கள் அதை எடுத்து மாற்றியும் வேறு நிரல்மொழிகளில் எழுதியும் பழகினர். புகழ்பெற்றவர் ஒருவர் வந்தால் மற்றவர்களின் ஆக்கங்கள் கவனிக்கப்படாமல் போகுமே என்ற கவலையும் இயல்பாக எழக்கூடியதே.

தனியாள் போட்டியோடு, குழுவாகச் செய்யக்கூடிய 72 மணி நேரப் பிரிவும் பின்னர் சேர்ந்தது. இதில் முன்பே உள்ள படங்களையும் இசையையும் பயன்படுத்தலாம். மூலநிரலைத் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஓவியர்களும் இசையமைப்பாளர்களும் உள்ளே வர இது வழிசெய்தது. நாளடைவில் குழுப் பிரிவே பெரியதாகி, பழைய தனியாள் பிரிவு சிறுபான்மையாகிவிட்டது.

இப்போட்டியில் முளைத்த சில விதைகள் முழு விளையாட்டுகளாக வளர்ந்தன. 2012 ஆகஸ்டின் கருப்பொருள் ‘பரிணாமம்’. பிரான்சின் நிக்கோலா கன்னாஸ், கறுப்பு வெள்ளைப் படத்தில் தொடங்கி, ஆட ஆட வண்ணமும் முப்பரிமாணமும் பெறும் எவோலண்டைச் செய்தார். அதன் விரிந்த வடிவம் அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. 2013 டிசம்பரில் ‘ஒன்று மட்டுமே கிடைக்கும்’ என்ற கருப்பொருளுக்கு ஒரு சிறு குழு செய்தது டைட்டன் சோல்ஸ்: வீரனிடம் ஒரே ஓர் அம்பு, எய்தால் மீண்டும் எடுத்துவர வேண்டும், ஓர் அடி பட்டாலே சாவு. 2015இல் அது முழுமையாக வெளியானது. கனடாவின் டேனியல் மலின்ஸ், 2018 டிசம்பரில் ‘பலிகள் கொடுக்கப்பட வேண்டும்’ என்ற கருப்பொருளை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். ஒரு சீட்டை இறக்க வேறு சீட்டுகளைப் பலியிட வேண்டிய சீட்டாட்டம் அது. மூன்று ஆண்டு கழித்து, 2021இல் அது இன்ஸ்கிரிப்ஷன் என்ற பெயரில் வந்து, 2022இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசைப் பெற்றது.

இம்மூன்றையும் வைத்துப் போட்டியை அளப்பது சரியன்று. ஒவ்வொரு முறையும் வந்த ஆக்கங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வாரங்களோடு மறக்கப்பட்டவையே. இரண்டு நாள் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு உழைப்பது, விளையாட்டுத் துறையின் ஓயாத மிகைநேர வேலைக்குப் பழக்கும் முறை அல்லவா என்ற குறையும் இத்தகைய போட்டிகள் எல்லாவற்றின்மேலும் சொல்லப்படுகிறது. அதில் உண்மையுண்டு. தூங்காமல் எழுதிய நிரலைத் திருத்தவே மறுநாள் பாதி போய்விடும் என்பதைப் பங்கேற்றவர்களே புதியவர்களுக்குச் சொல்லி வருகின்றனர்.

மதிப்பிடும் சிக்கல்

பதினெட்டு விளையாட்டுகள் வந்த காலத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் ஆடிப் பார்த்துவிடலாம். ஊரடங்குக் காலமான 2020 ஏப்ரலில் நடந்த 46ஆவது போட்டிக்கு, ‘அதை உயிரோடு வைத்திரு’ என்ற கருப்பொருளில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வந்து குவிந்தன. யாராலும் அவற்றில் சிறு பகுதியைக்கூடத் தொட முடியாது. ஈர்க்கும் படமுடையதும் உலாவியிலேயே ஓடுவதும் பலரால் ஆடப்படும். தரவிறக்கி நிறுவ வேண்டியதை யாரும் தொடமாட்டார்கள். முதன்முறையாக ஒன்றைச் செய்து முடித்த மாணவரின் ஆக்கம் ஒருவராலும் ஆடப்படாமல் போனால், அவர் அடுத்த முறை வரமாட்டார்.

இதற்கு அமைப்பாளர்கள் கண்ட வழி எளிமையானது. ஒருவர் பிறருடைய விளையாட்டுகளை எவ்வளவு அதிகம் ஆடி மதிப்பிட்டுக் கருத்து எழுதுகிறாரோ, அந்த அளவுக்கு அவருடைய ஆக்கம் பட்டியலில் மேலே காட்டப்படும். போட்டி முடிந்தபின் சுமார் மூன்று வாரங்கள் இப்பணிக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. புதுமை, மகிழ்ச்சி, கருப்பொருள் பொருத்தம், ஓவியம், ஒலி, நகைச்சுவை, உணர்வுச்சூழல் ஆகியவற்றுக்கும் மொத்தத்திற்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. குறைந்தது 20 பேரின் மதிப்பீட்டைப் பெற்ற ஆக்கத்திற்கே தரவரிசை இடம் தரப்படுகிறது. அந்த எண்ணிக்கையை எட்டாதவற்றுக்கு இடம் இல்லை. ஆடிப் பார்த்த சிலர் எழுதிய கருத்துகள் மட்டும் அந்த விளையாட்டின் பக்கத்தில் இருக்கும்.