மூன்று ஊர்களும் ஒரு நகரமும்

ஓர் ஊர் எப்பொழுது நகரம் ஆகிறது? இந்த வினாவை எழுப்பினால், மக்கள்தொகை பெருகும்பொழுது என்பர் சிலர். மாடி வீடுகளும் அகன்ற சாலைகளும் அமையும்பொழுது என்பர் வேறு சிலர். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையினரிடம் தெளிவான விடை ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவர்கள் ஓர் அளவுகோலை வகுத்தனர். நகராட்சி முதலிய சட்டத் தகுதி பெற்ற ஊர்கள் நகரங்களே. ஏனைய ஊர்களில் 5,000 பேருக்குக் குறையாமல் மக்கள் வாழ வேண்டும். உழைக்கும் ஆடவருள் நான்கில் மூன்று பங்கினர் உழவல்லாத தொழில் செய்ய வேண்டும். சதுர மைலுக்கு 1,000 பேரேனும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைச் சென்னைக்கு மேற்கே உள்ள மூன்று ஊர்களில் வைத்துப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி அம்பத்தூரில் ஏறத்தாழ 4 இலட்சத்து 66 ஆயிரம் பேரும், ஆவடியில் ஏறத்தாழ 3 இலட்சத்து 45 ஆயிரம் பேரும், பூவிருந்தவல்லியில் ஏறத்தாழ 57 ஆயிரம் பேரும் வாழ்ந்தனர். மூன்றும் நகரங்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இம்மூன்றிலும் பல வேளைகளில் நடந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மூவூரிலும் நகர உணர்வு ஒரே அளவாக இல்லை. மக்கள்தொகையின் வரிசைப்படியும் இல்லை. மூன்றனுள் மிகச் சிறியதான பூவிருந்தவல்லியின் கடைத்தெருவில்தான், 'நான் ஒரு நகரத்தின் நடுவே நிற்கிறேன்' என்னும் எண்ணம் எனக்கு முதலில் எழுந்தது. இஃது ஏன்? வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

நகரத்தை அளவால் அன்றித் தன்மையால் அறிவது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. அவ்விரண்டுக்கும் இடையே மரச்சோலையில் நாளங்காடி அமைந்திருந்தது. வேற்று நாட்டு வணிகர் கலந்து வாழ்ந்த செய்தியும் அந்நூலில் உண்டு. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர் கூடி வாழ்வதும், அவர்கள் சந்திக்க ஓர் அங்காடி இருப்பதும் நகரத்தின் இலக்கணம் என்பதைப் புலவர் உணர்ந்திருந்தார். நம் காலத்தில், 1938ஆம் ஆண்டு, லூயி வர்த் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் மக்கள் பெருக்கம், நெருக்கம், பல்வகைமை ஆகிய மூன்றையும் நகர வாழ்வின் கூறுகளாக எடுத்துரைத்தார்.

அமெரிக்க நாட்டிலேயே இந்தப் புதிரைக் காணலாம். 2010ஆம் ஆண்டுக் கணக்குப்படி, புறநகர்களையும் சேர்த்துப் பார்த்தால், லாஸ் ஏஞ்சல்ஸ் நகர்ப்பரப்பில் சதுர மைலுக்கு ஏறத்தாழ 7,000 பேர் வாழ்ந்தனர். நியூயார்க் நகர்ப்பரப்பிலோ ஏறத்தாழ 5,300 பேரே. ஆயினும் நியூயார்க்கைக் கண்டவர் எவரும் அது லாஸ் ஏஞ்சல்ஸைவிட நகரத்தன்மை குறைந்தது என்று சொல்லார். நியூயார்க்கின் மக்கள் மன்ஹாட்டன் முதலிய பகுதிகளில் செறிந்தும், புறத்தே பரந்தும் வாழ்கின்றனர். லாஸ் ஏஞ்சல்ஸிலோ நெருக்கம் எங்கும் ஏறக்குறைய ஒரு சீராகப் பரவியுள்ளது. சராசரி ஒன்று; கால் நடந்து உணர்வது வேறொன்று.

கெவின் லிஞ்ச் என்னும் அறிஞர் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பாஸ்டன், ஜெர்சி நகரம், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார். அங்கு வாழ்வோரிடம், தம் நகரத்தை நினைவிலிருந்து வரைந்து காட்டுமாறு கேட்டார். பாஸ்டன் மக்கள் ஆற்றையும் பொதுப் பூங்காவையும் பழைய தெருக்களையும் வரைந்தனர். ஜெர்சி நகரத்தாருக்கோ தம் ஊருக்கென்று சிறப்பாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆற்றுக்கு அப்பால் தெரியும் நியூயார்க்கின் கோபுரங்களையே குறிப்பிட்டவர் பலர். பெருநகரின் அருகே இருக்கும் ஊர்கள் அனைத்துக்கும் இந்த இடர் உண்டு. நிற்க. இனி நம் ஊர்களுக்கு வருவோம்.

பூவிருந்தவல்லி சென்னையினும் மூத்தது. இராமானுசர் போற்றிய திருக்கச்சிநம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவ மரபு இதனைக் கொண்டாடுகிறது. 1639ஆம் ஆண்டு ஆங்கில வணிகருக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட நிலம் அளிக்கப்பட்டதை நாம் அறிவோம். அதனை அளித்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் வந்தவாசியில் இருந்தார். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியில் இருந்துகொண்டு கடற்கரைப் பகுதியின் ஆட்சியைக் கவனித்தார். இன்று புறநகர் எனப்படும் ஊரிலிருந்துதான், நகரம் தோன்றவிருந்த மணற்பரப்பு அன்று ஆளப்பட்டது!

பிற்காலத்தில் ஆங்கிலேயர் இங்கே படைவீரர் குடியிருப்பு ஒன்றை அமைத்தனர். எனினும் ஊரை வளர்த்தது படையன்று, பாதையே. கோட்டையிலிருந்து மேற்கே காஞ்சிக்கும் ஆர்க்காட்டுக்கும் செல்லும் பெருவழி இதன் வழியே சென்றது. அருகிலுள்ள குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் பெயர்களைப் பாருங்கள். சாவடி என்பது வழிப்போக்கர் தங்குமிடம். கால்நடையாகவும் வண்டியிலும் வந்தவர் இளைப்பாறிய வழி இது என்பதற்கு அப்பெயர்களே சான்று. வழிப்போக்கர் தங்கினால் கடை வேண்டும். கடை இருந்தால் சந்தை கூடும். சந்தை கூடினால் அயலாரும் உள்ளூராரும் கலப்பர். இவ்வாறு நூற்றாண்டுகளாகப் படிந்த பழக்கமே இன்றும் அவ்வூர்க் கடைத்தெருவில் நாம் காணும் நகரத்தன்மை.

1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதை பூவிருந்தவல்லியைத் தொடவில்லை. வடக்கே ஒதுங்கி, அம்பத்தூர், ஆவடி வழியே சென்றது. அதனால் அந்நாளில் பெருவழியின் ஊர் ஒருபுறமும், இருப்புப்பாதையின் ஊர்கள் மறுபுறமுமாக மேற்குப் பகுதி பிரிந்தது.

அம்பத்தூர் பெரிய ஏரியின் கீழ் வாழ்ந்த ஊர். விடுதலைக்குப்பின் அதன் வாழ்வு மாறியது. 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் இங்கே மிதிவண்டி செய்தது. 1959இல் டன்லப் டயர்த் தொழிற்சாலை வந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகள் எழுந்தன. 1964ஆம் ஆண்டு அரசு அமைத்த தொழிற்பேட்டை ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்தது. பட்டறை வேலை தேடிப் பல மாவட்டத்து இளைஞர்கள் இங்கு வந்து குடியேறினர். வர்த் கூறிய மூன்று கூறுகளும் அம்பத்தூரில் நிறைந்துள்ளன. ஆனால் ஊரின் நடுவிடம் எது? தொழிற்பேட்டைப் பேருந்து நிலையமா? ஓ.டி. என்று வழங்கும் பழைய ஊர்ப் பகுதியா? இரயில் நிலையமா? கொரட்டூரும் பாடியும் தத்தமக்கெனக் கடைவீதி கொண்டவை. இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் ஊரைக் கீறிச் செல்கின்றன. மக்கள் பலர், அவர்கள் கூடுமிடமும் பல. லாஸ் ஏஞ்சல்ஸின் இயல்பு இங்கே சிறிதளவு தென்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆவடியின் வரலாறு ஆணையால் எழுதப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அது படைத்தளமாயிற்று. 1955ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்மப் பாங்கான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாளில் ஆவடியின் பெயர் இந்தியா முழுவதும் ஒலித்தது. 1961ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1965இல் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. ஒழுங்கான சாலைகள், நிழல் தரும் மரங்கள், அரசுக் குடியிருப்புகள், பள்ளிகள் ஆகிய அனைத்தும் திட்டமிட்டு அமைந்தன. ஆனால் அவற்றைச் சுற்றி மதில்களும் உள்ளன. காவலும் அனுமதிச் சீட்டும் பாதுகாப்புக்குத் தேவையே. எனினும் மதிலின் ஓரமாக நெடுந்தூரம் நடப்பவனுக்கு நகரம் தென்படாது. மதிலுக்கு வெளியே, இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் அடுத்த கடைவீதியில்தான் ஆவடி நகரமாகிறது.

மூன்றையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். நகர உணர்வைத் தருவது எண்ணிக்கையன்று. வெவ்வேறு காரியத்துக்காக, வெவ்வேறு வேளையில், வெவ்வேறு மக்கள் நடந்து வந்து ஒரே இடத்தில் கலப்பதே. தொழிற்சாலைச் சங்கு ஊதும்பொழுது மட்டும் நிறையும் தெரு, மற்ற வேளையில் வெறுமையாகும். பூ வாங்குவோர், வழக்குமன்றம் செல்வோர், கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வோர், வெளியூர்ப் பேருந்துக்குக் காத்திருப்போர் ஆகிய அனைவரும் புழங்கும் தெரு, காலை முதல் இரவு வரை உயிரோடு இருக்கும்.

இதனால் பூவிருந்தவல்லியே சிறந்த ஊர் என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. நெரிசலும் தூசும் அங்கே குறைவல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்ட பெருமை அம்பத்தூருக்கு உரியது. அமைதியான குடியிருப்புகளின் பெருமை ஆவடிக்கு உரியது. நான் கருதும் இழப்பு வேறு. 2011ஆம் ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர் உள்ளிட்ட 42 உள்ளாட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரம் 426 ஆக விரிந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. பெயர்ப்பலகையை ஓர் ஆணையால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். நடைபாதை, சந்தை, நூலகம், பூங்கா ஆகியன அவ்வாறு வாரா. சாலையை அகலப்படுத்தப் பழைய கடைத்தெருவை இடித்துவிட்டால், நூற்றாண்டுகள் சேர்த்து வைத்த நகரத்தன்மையை நாம் ஒரு திங்களில் இழப்போம். மீட்க எவராலும் இயலாது.

மாணவ நண்பர்களே, லிஞ்ச் கேட்டதை நீங்களும் செய்து பாருங்கள். ஒரு தாளை எடுத்து, உங்கள் ஊரை நினைவிலிருந்து வரையுங்கள். ஏரி எங்கே, சந்தை எங்கே, பழைய சாவடி எங்கே, மக்கள் கூடுமிடம் எங்கே என்று குறியுங்கள். பிறகு உங்கள் பாட்டனாரிடம் அதே ஊரை வரையச் சொல்லுங்கள். இரண்டு படங்களிலும் இருப்பவை எவையோ அவற்றைக் காப்பது உங்கள் கடமை. பாட்டனார் படத்தில் மட்டும் இருப்பவை எப்படி மறைந்தன என்று தேடுங்கள். உங்கள் ஊரின் வரலாறு அங்கே தொடங்கும்.